முழுப்பேர்

படிவத்தில் 'சேரும் காரணம்' என்ற கட்டம்
ஒரு விரல் அகலம்.
போட்டோக்கொப்பியில் வலது ஓரம் வெட்டுப்பட்டதில்
இன்னும் சிறுத்துவிட்டது.
இதுக்குள்ள மனுசன் உண்மையை எழுதுவானோ என்று
கேட்டுக்கொண்டே எழுதினான் கஜீபன்:
'பருப்பு.'

அவன் சாவகச்சேரி. பதுளைக் குளிரில்
மூன்று மாதம் பாணும் சம்பலும்.
பஸ் ஸ்டாண்ட் கடையில் கிலோ விலை கேட்டு
வாங்காமல் திரும்பி வந்த அன்று,
பத்துப் பேர் மூட்டையாக எடுத்தால் எவ்வளவு குறையும் என்று
புள்ளிவிபரவியல் கொப்பியின் பின் அட்டையில்
வகுத்துப் பார்த்தான்.
சங்கம் பிறந்தது அந்த அட்டையில்.
கொள்கை, நோக்கம், கூட்டுணர்வு எல்லாம்
யாப்புக்காகப் பிறகு எழுதியவை.

ரிஸ்மியா எழுதியது 'சுடுதண்ணி.'
சந்தருவன் எழுதாத காரணம்
விடுதி முழுக்கத் தெரியும்.
அவளோ இரண்டாம் மாதமே விலகிப் போனாள்.
இவன் இன்னும் சனிக்கிழமைகளில்
கீழ் வீதியிலிருந்து அரிசி மூட்டை சுமந்து
படியேறி வருகிறான்.
ஏன்டா என்றால் மூச்சு வாங்குகிறான்.

என் படிவம் கடைசியில் வந்தது.
பங்குப் பணம் ஐந்நூறு கையில் இருந்தும்
இரண்டு கிழமை இழுத்தடித்தேன்.
சங்கம், கடை, பற்று, கழிவு:
இவையெல்லாம் அம்மாவின் சம்பளச் சீட்டில்
இங்கிலீசில் வரும்.
வாசித்துச் சொல்வது என் வேலை.
எதற்கு வெட்டினார்கள் என்று
சொல்ல முடியாத வரி இரண்டு
எந்த மாதமும் இருக்கும்.

மடுல்சீமைப் பக்கம் எங்கள் மலை.
அங்கே பேர் என்றால் ஒரு நாள் கூலி.
நிறை குறைந்தால் அரைப்பேர்.
பெரட்டுக்குப் போய், அட்டைக்கடியோடு
முழுதாகத்தான் இறங்கி வருவாள்,
செக்ரோலில் பாதியாக இருப்பாள்.

அப்படி வளர்ந்தவளிடம்
கணக்குப் புத்தகத்தை நீட்டினாள் ரிஸ்மியா.
"நீயே எழுது, நீயே கூட்டு.
யாரு கேட்டாலும் காட்டணும், அவ்வளவுதான்."

யாரு கேட்டாலும் காட்டணும்.
முதல் வரியில் முழுப்பெயர் எழுதினேன்.
காரணக் கட்டத்தை
வெறுமையாக விட்டேன்.

மாசி முடிவில் எண்ணூற்று நாற்பது குறைந்தது.
கரண்ட் இல்லை. போன் வெளிச்சத்தில்
ஏழு பேர் கூட்டினோம்,
ஏழு பேருக்கும் அதே எண்ணூற்று நாற்பது.
பிறகு ஒருவர் முகத்தில் ஒருவர்
வெளிச்சம் படாமல் பார்த்துக்கொண்டோம்.

"நான்தான்" என்றான் கஜீபன்.
"ராத்திரி ஒருத்தன் வந்தவன். தகப்பன் ஆசுபத்திரியில.
மட்டக்களப்பு பஸ்சுக்குக் குடுத்தனான்.
எழுத மறந்திட்டன்.
இல்லை, எழுதக் கூச்சமா இருந்தது."
உறுப்பினரா என்றோம். இல்லை என்றான்.
சந்தருவன் மேசையில் குத்தியதில்
கேத்தல் மூடி உருண்டு கட்டிலடிக்குப் போனது.
யாப்பை இரண்டு தரம் புரட்டினோம்.
அழுகிற ஒருவனுக்கு
அதில் பிரிவு ஏதும் இல்லை.

திட்டிக்கொண்டேதான் எழுதினேன்:
பஸ், 840.
பக்கத்தில் பேருக்கு இடம் விட்டேன்.

பத்தாம் நாள் வாசலில் வந்து நின்றான்,
மொட்டைத் தலை, ஈரக் குடை.
ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை.
எழுநூறு ரூபாவை எண்ணி வைத்தான்.
நான் புத்தகத்தைத் திருப்பி
அவன் பக்கமாக வைத்தேன்.
தன் வரியைத் தேடி, விரல் வைத்து,
நிதானமாக வாசித்தான்.
பேனாவை வாங்கி, விட்டிருந்த இடத்தில்
தகப்பன் பேரையும் சேர்த்து முழுசாக எழுதினான்:
கந்தப்போடி உதயரூபன்.

பிறகு படிவம் கேட்டான்.
அந்த விரல் அகலக் கட்டத்தில்
கொஞ்ச நேரம் பேனா நின்றது.
எட்டிப் பார்த்தேன்.
'பாக்கி 140.'